336 பேரின் வியர்வையும் ஒருவரின் மூச்சும்

கேள்வி:

அன்புள்ள டாக்டர்,

சென்னையின் தென்பகுதியில் 84 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளர் நான். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுடைய 125 கேவிஏ ஜெனரேட்டர், தரைத்தள வீடு ஒன்றின் படுக்கையறை ஜன்னலுக்கு ஏழெட்டு அடி தள்ளி நிற்கிறது. புகைக்குழாய் கூண்டுக்கு மேலே சுமார் பத்தடி உயரத்தில் முடிகிறது. அந்த வீட்டில் 71 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கடுமையான சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்; வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் ஓடினாலே அவருக்கு மூச்சு முட்டுகிறது, போன கோடையில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரவில் கரன்ட் போனால் ஜெனரேட்டரைப் போடாதீர்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள் என்று அவர் மகள் கேட்கிறார். இடம் மாற்ற 9,24,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. வீட்டுக்கு 11,000. விருந்தினர் பார்க்கிங் மூன்று போய்விடும்.

பொதுக்குழுவில் நான் ஒரு கணக்கு வைத்தேன். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 336 பேர். ஒரு தடவை கரன்ட் போனால் 40 நிமிடம். ஜெனரேட்டர் போடாவிட்டால் மொத்தம் 224 மணி நேரக் கஷ்டம். போட்டால் ஒருவருக்கு 40 நிமிடம். அவருடைய கஷ்டம் மற்றவர்களுடையதைவிட நூறு மடங்கு என்று வைத்தாலும் 67 மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஜெனரேட்டர் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று 61 வீடுகள் வாக்களித்தன, 9 வீடுகள் எதிர்த்தன. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நாற்காலிகளை அடுக்கிவைக்க உதவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லுங்கள், என் கணக்கு சரியா, தப்பா?

– பெயர் வேண்டாம், செயலாளர், சென்னை

பதில்:

சார், பெருக்கல் சரிதான். தணிக்கைக்காரர் போட்ட பெருக்கலில் நான் போய்ப் பிழை கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் இந்த இடத்தில் பெருக்கியிருக்கவே கூடாது. அதை உணர்ச்சி இல்லாமலே சொல்ல முடியும்.

இதே கணக்கை உங்களுக்கு முன்னால் ஓர் அரசாங்கம் போட்டுப் பார்த்திருக்கிறது. சமூக மருத்துவம் படித்தவர்களுக்குப் பழக்கமான கதை, மற்றவர்கள் அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம். 1987இல் அங்கே ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பணம் தருவதை நிறுத்தினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்குப் போகிற அந்தப் பணத்தை வைத்து ஏராளமான கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அடிப்படை மருத்துவம் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம், அது மோசமான வாதமும் கிடையாது. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் ரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுப் பையன் ஒருவன், எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகக் குடும்பம் ஊர் ஊராகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தபோதே இறந்துபோனான். பெரிய கொந்தளிப்பு. அப்போது மாநில செனட்டின் தலைவராக இருந்த ஜான் கிட்ஸ்ஹாபர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த டாக்டரும்கூட. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சண்டை போடுவதற்குப் பதிலாக எல்லா சிகிச்சைகளையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடலாம், மேலே இருந்து ஆரம்பித்துப் பணம் தீரும்வரை கொடுத்துக்கொண்டே வரலாம் என்பது அவர் முன்னெடுத்த யோசனை. 1989இல் சட்டமே வந்துவிட்டது.

வரிசையை எப்படி அடுக்குவது? நீங்கள் செய்ததைத்தான் செய்தார்கள், இன்னும் நுணுக்கமாக. ஆயிரம் பேருக்கு ஃபோன் போட்டு எந்தக் கஷ்டம் எவ்வளவு கஷ்டம் என்று கேட்டு மதிப்பெண் வாங்கினார்கள். சிகிச்சையால் எவ்வளவு நலம் கிடைக்கிறது, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கிறது, என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தார்கள். 1990 மே மாதம் கிட்டத்தட்ட 1,600 வரிகளோடு முதல் பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொத்தைப் பல்லுக்கு மூடி போடுகிற சிகிச்சை, குடல்வால் அழற்சிக்கான ஆபரேஷனுக்கு மேலே இருந்தது. கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிட்டால் செய்யவேண்டிய ஆபரேஷனும் பல் மூடிக்குக் கீழேதான். இந்த இரண்டையும் நேரத்தோடு பார்க்காவிட்டால் உயிர் போய்விடும். பல் சொத்தையால் யாரும் அந்த வாரமே சாவதில்லை.

கம்ப்யூட்டர் பிழை என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். சில தரவுகள் சரியாக இல்லை என்பதும் உண்மை. ஆனால் சூத்திரம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருந்தது. பல் மூடிக்கு 38 டாலர், குடல்வால் ஆபரேஷனுக்கு 5,744 டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஓர் ஆபரேஷன் பணத்தில் 150 பேருக்குப் பல் மூடி போடலாம். 150 பேருடைய சின்ன நிம்மதியைக் கூட்டினால் ஒரு ஆளுடைய உயிரைவிடக் கனமாகிவிடுகிறது. உங்கள் 224 மணி நேரம் பிறந்ததும் இதே வழியில்தான் சார்.

அந்தப் பட்டியலை ஆரிகன் தூக்கிப்போட்டது. அடுத்த வருஷம் வந்த 709 வரிப் பட்டியலில் முதலில் வகைகளைப் பிரித்துக்கொண்டார்கள்: சிகிச்சை கொடுக்காவிட்டால் உயிர் போகும், கொடுத்தால் முழுசாகக் குணமாகும் என்கிற நோய்கள் எத்தனை பேருக்கு வந்தாலும், எவ்வளவு செலவானாலும் முதல் வகை. சின்னத் தொந்தரவுகள் எத்தனை ஆயிரம் பேருக்கு இருந்தாலும் கீழே. கணக்கை விட்டுவிடவில்லை, ஒவ்வொரு வகைக்குள்ளே மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் 1992இல் மத்திய அரசு ஒப்புதல் தர மறுத்தது. உடல் ஊனத்தோடு வாழ்கிறவர்களின் வாழ்க்கைக்குக் குறைந்த மதிப்பெண் போட்ட ஆயிரம் பேரின் அபிப்பிராயம் இந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது, அது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரண் என்பது காரணம். திருத்தங்கள் செய்து 1993இல் ஒப்புதல் வாங்கி, 1994 பிப்ரவரியில்தான் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் எந்த மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்கிற நைஸ் அமைப்பும் பல காலம் கூட்டல் கணக்கையே நம்பியிருந்தது, 2022இல் கடுமையான நோய்களுக்கு 1.2 மடங்கு, 1.7 மடங்கு என்று கூடுதல் எடை சேர்த்துக்கொண்டது. அதாவது இந்தக் கணக்கையே தொழிலாக வைத்திருப்பவர்கள்கூட வெறும் கூட்டலை விட்டு நகர்ந்துவிட்டார்கள்.

ஏன் நகர்ந்தார்கள்? 224 மணி நேரம் வியர்த்த ஆள் என்று யாராவது இருக்கிறாரா, சொல்லுங்கள். பி பிளாக்கில் இருப்பவர் 40 நிமிடம் வியர்த்தார். அவருக்கு எதிர் வீட்டுக்காரரும் 40 நிமிடம். எதிர் வீட்டுக்காரர் வியர்ப்பதால் இவருக்குப் புழுக்கம் கூடுவதில்லை. 336 பேரில் அதிகபட்சக் கஷ்டம் எவ்வளவு என்று பார்த்தால் அதே 40 நிமிடம்தான், ஆள் கூடக்கூட அது கூடாது. 84 வீட்டுக் கொசுக்கடியையும் சேர்த்தால் ஒரு பாம்புக்கடி ஆகிவிடாது. பணமாக இருந்தால் கூட்டலாம், ஏனென்றால் 84 பேருடைய பதினோராயிரத்தை ஒரே பெட்டியில் போட்டு 9,24,000 என்று எண்ண முடியும், அந்தத் தொகை உண்மையிலேயே ஓர் இடத்தில் இருக்கும். கஷ்டத்துக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது, அது ஒவ்வொரு உடம்புக்குள்ளும் தனித்தனியாக இருந்துவிட்டுப் போய்விடும்.

ஆகவே இப்படி வைத்துப் பாருங்கள். 336 பேரில் யாருக்கு அதிகம் கஷ்டமோ அவரை ஒருபக்கம் நிறுத்துங்கள், பெரியவரை இன்னொரு பக்கம். இரண்டு பேர், நேருக்கு நேர். எனக்கு ஏசி வேண்டும், அதனால் உனக்கு மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்று ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணமா அது? இவர் சொல்ல முடியாது என்றால் அடுத்தவரும் சொல்ல முடியாது, அதற்கு அடுத்தவரும். 336 முறை செல்லாமல் போன காரணம் ஒன்றாகச் சேர்த்ததும் செல்லுபடியாகிவிடுமா?

சேர்த்தால் செல்லுபடியாகிற இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஒரே மாதிரித் தீங்கு இருபக்கமும் இருந்தால் எண்ணிக்கைதான் பேசவேண்டும். போலியோ சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்வழி மருந்தாலேயே மிக அரிதாக ஒரு குழந்தைக்கு வாதம் வந்துவிடும், 27 லட்சம் டோஸுக்கு ஒன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அது தெரிந்தேதான் நம் நாட்டில் கோடிக்கணக்கில் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதே வாதம் வந்திருக்கும். வாதத்துக்கு எதிரில் வாதம். மருந்து வாங்கும்போது எந்தக் குழந்தை அந்த ஒன்று என்று யாருக்கும் தெரியாது, பாதிக்கப்படக்கூடிய அதே குழந்தைக்கும் மருந்தால் பாதுகாப்பு இருந்தது. மருந்தால் வராமல் இயற்கையாகப் பரவிய போலியோவில் இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014இல் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்: அந்த ஒரு குழந்தையை மறந்துவிடவில்லை. 2015 கடைசியில் ஊசி மருந்தைச் சேர்த்தார்கள், 2016 ஏப்ரலில் வாய்வழி மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமியை எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை ஜெயித்த இடத்திலும் தோற்றவருக்கு வழி தேடுகிற வேலை தொடர்ந்தது.

உங்கள் குடியிருப்பில் இந்த இரண்டுமே இல்லை. வியர்வைக்கு எதிரில் மூச்சு. யாருக்கு அடி விழப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், வீட்டு நம்பரோடு.

இனி அந்த நூறு மடங்குக்கு வருகிறேன். நூறு என்று எங்கிருந்து எடுத்தீர்கள்? தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் சி.ஓ.பி.டி. மூச்சுத்திணறல் வியர்வையின் பெரிய வடிவம் கிடையாது. அந்த நோயில் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. புகை பட்டு மூச்சுக்குழாய்கள் இன்னும் சுருங்கும்போது, பழைய காற்று தேங்கி, அடுத்த மூச்சை இழுக்க நெஞ்சில் இடமே இல்லாமல் போகிறது. ஆக்சிஜன் மூக்கில் இருந்தாலும் திணறுவார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்துகொண்டு, ஒரு வாக்கியம் பேச நாலு மூச்சு வாங்குவார். அந்த நேரத்தில் அவருக்கு இருப்பது சாவு பயம். அது 40 நிமிடத்தில் முடிவதும் கிடையாது. புகை நின்ற பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கலாம், சில சமயம் நெபுலைசருக்கு அடங்காமல் ஆஸ்பத்திரி வரை போகும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு ஒருமுறை போனால் அடுத்தது வருகிற வாய்ப்பு கூடுகிறது, நுரையீரல் பழைய நிலைமைக்கே திரும்பாமல் போகவும் செய்யும். இவருக்கு ஒரே கோடையில் இரண்டு. நீங்கள் நிமிடக் கணக்கில் எழுதிய செலவு, அவருடைய மிச்ச ஆயுளில் இருந்து கழிகிறது.

கூட்டத்தில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. சிகரெட் குடித்து அவரே வரவழைத்துக்கொண்டதுதானே என்று ஒருவராவது சொல்லியிருப்பார். அவர் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. விறகடுப்புப் புகையில் வருஷக்கணக்கில் சமைத்த பெண்களுக்கும் இந்த நோய் நம் ஊரில் நிறைய வருகிறது, ஒரு பீடி தொட்டிருக்க மாட்டார்கள். அவர் குடித்தே இருக்கட்டும், ஜன்னல் வழியாக டீசல் புகையை உள்ளே விடுவதற்கு அது லைசென்ஸ் ஆகாது. சர்க்கரை நோய் இருக்கிறவர் வீட்டில் லிஃப்ட் வேலை செய்யாவிட்டால், இனிப்பு சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டா ரிப்பேர் செய்கிறோம்?

ஜெனரேட்டர் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினார் என்று இன்னொருவர். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, வீடு அந்த விலைக்குக் கிடைத்ததே அதனால்தான் என்றால் யோசிக்கவேண்டிய விஷயம். ஆனால் வாங்கிய அன்றைக்கு அவர் நுரையீரல் எப்படி இருந்தது என்று கேளுங்கள், பிறகு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

மூன்றாவது வாதம்தான் நிஜமாகவே யோசிக்கவைக்கிறது: இன்றைக்கு இவருக்காக மாற்றினால், நாளைக்கு ஒருவர் மீன் வறுக்கிற வாசனை ஆகாது என்பார், இன்னொருவர் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் ஆகாது என்பார், ஆளாளுக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்க முடியுமா. முடியாது, வேண்டியதும் இல்லை. நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அதே சோதனையை அங்கேயும் வைத்துப் பாருங்கள். மீன் வாசனை பிடிக்காதவருடைய எரிச்சலும் மீன் சாப்பிடுகிறவருடைய ஆசையும் ஏறத்தாழ ஒரே உயரம், அங்கே பெரும்பான்மைக்கு விட்டுவிடலாம், வாசனை பிடிக்காதவர் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். யார் சத்தமாகக் கேட்டார் என்பது அளவுகோல் ஆகாது. மறுக்கப்பட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதுதான்.

சரி, உங்கள் பக்கத்துக்காகவும் பேசவேண்டும். 336 பேருக்கும் சின்னக் கஷ்டம்தான் என்று நாம் இருவரும் சும்மா எடுத்துக்கொண்டோம். அது உண்மையா? மே மாதத்து ராத்திரியில், காற்று இல்லாத அறையில், பிறந்து பத்து நாள் ஆன குழந்தை இருக்கலாம். டயாலிசிஸ் முடித்து வந்தவர் இருக்கலாம். ஐந்தாவது மாடியில் இன்னொரு ஆக்சிஜன் மெஷின் இருக்கலாம். அவர்களுடைய 40 நிமிடத்தைச் சராசரிக்குள் கரைத்துவிட்டால், பெரியவருக்குச் செய்த அதே அநியாயத்தை அவர்களுக்கும் செய்கிறோம். வீடு வீடாக ஒரு சின்னப் படிவம் கொடுத்து விசாரியுங்கள். அப்படியே எத்தனை வீட்டில் சொந்த இன்வெர்ட்டர் இருக்கிறது என்றும் கேளுங்கள், அவர்களுக்கு ஃபேன் ஓடும், உங்கள் 336இல் கணிசமான பேருக்கு ஏசி மட்டும்தான் நஷ்டம் என்று தெரியவரும் என்று நினைக்கிறேன். தணிக்கைக்காரர் என்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன்: அந்தப் பெரியவரும் அவர் மகளும் உங்கள் 336க்குள் இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா?

இப்போது வாக்கெடுப்பு. 61க்கு 9. வாக்கெடுப்பில் லேசாக விரும்புகிறவருக்கும் ஒரு ஓட்டு, உயிர் போகிற அவசரத்தில் இருக்கிறவருக்கும் ஒரு ஓட்டு. வாட்ச்மேனுக்கு என்ன சம்பளம், சுவருக்கு என்ன வண்ணம் என்பதற்கெல்லாம் அது போதும். ஒரு ஆளுடைய மூச்சை ஓட்டுக்கு விட்டது சரியில்லை. அந்த 61 பேரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட கேள்வி, நமக்கு ஜெனரேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதாக இருந்தது. இரண்டே வழிதான் இருப்பதுபோல, ஒன்று எல்லாரும் வேகவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் பதினோராயிரம்.

அந்த இன்னொரு கேள்வியை இங்கே வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி, புகைக்குழாய் பத்தடியில் முடிகிறது என்பதுதான். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எவ்வளவு உயரத்தில் முடியவேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை இருக்கிறது: கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்கிற கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வருகிற மீட்டரைக் கூட்டவேண்டும். 125இன் வர்க்கமூலம் 11.18, அதை 0.2ஆல் பெருக்கினால் 2.24. (உங்கள் 224 இங்கே வந்து நிற்பது தற்செயல்தான், எனக்கே சிரிப்பு வந்தது.) அதாவது உங்கள் புகை கட்டடத்தின் உச்சிக்கு மேலே இரண்டேகால் மீட்டரில் வெளியேற வேண்டும், தரைத்தள ஜன்னலுக்குப் பக்கத்தில் அல்ல. சத்தத்துக்கும் விதி உண்டு: 2005 முதல் தயாரான, ஆயிரம் கேவிஏ வரையுள்ள ஜெனரேட்டர்கள் ஒலித்தடுப்புக் கூண்டோடு வரவேண்டும், ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொது வரம்பு 45 டெசிபல்.

ஆகையால் அந்தக் குடும்பம் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. விதிப்படி ஏற்கெனவே இருந்திருக்க வேண்டியதைக் கேட்கிறார்கள், அதுவும் விதியைக் காட்டாமல், கெஞ்சிக்கொண்டு. வீடு வாங்கும்போது ஜெனரேட்டர் தெரிந்திருக்கலாம், புகைக்குழாய் அளவுப்படி இல்லை என்பதைப் பார்த்து வாங்கவேண்டிய பொறுப்பு வாங்குகிறவருக்கு இல்லை, பில்டருக்கும் இப்போது அசோசியேஷனுக்கும்தான். அவர் மகள் நாளைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு புகார் எழுதினால் உங்கள் 61 ஓட்டும் தீர்மானப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கூட்டத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் தாங்களாகவே மாறிவிடுவார்கள், ஏனென்றால் யாருக்காகவோ விட்டுக்கொடுக்கிறோம் என்ற எரிச்சல் போய்விடும்.

அந்தப் புகை அவருக்கு மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லுங்கள். டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் வைத்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி ஜன்னல்கள் எல்லாம் அதே சுவரில்தானே இருக்கும். அங்கே தூங்குகிற குழந்தைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை, பெரியவருக்கு உடனே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சின்னத் தீங்கு பல பேருக்கு என்று கணக்கு எழுதினீர்களே, ஜெனரேட்டர் ஓடுவதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டிய சின்னத் தீங்கு இது. அங்கே பூஜ்யம் போட்டுவிட்டீர்கள்.

என்ன செய்யலாம்? குழாயைச் சுவரோடு மேலே கொண்டுபோய் மொட்டைமாடிக்கு மேலே விட இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். நீளமான குழாய் என்றால் எஞ்சினுக்கு எதிரழுத்தம் கூடும், விட்டம் பெரிதாக வேண்டியிருக்கும், அதைத் தெரிந்த ஆளிடம் கேளுங்கள், உள்ளூர் வெல்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஜெனரேட்டரை நகர்த்துவதைவிட இது குறைவாகத்தான் ஆகும் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படி ஆகாவிட்டால், பதினோராயிரம் கொடுத்து இடத்தை மாற்றுவதும் சரிதான் என்பது என் கட்சி. ஒரே தடவை செலவு, தவணையாகக்கூட வாங்கலாம். அதையும் கொடுக்கமுடியாத வீடு நாலைந்து இருக்கும், அவர்களை நச்சரிக்காமல் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு லட்சம் என்று வந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும், அப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது சின்னத் தீங்கு இல்லை.

வேலை முடியும்வரை இரவில் ஜெனரேட்டரை லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாராவது லிஃப்டில் மாட்டினால், தண்ணீர் தீர்ந்தால் என்கிற மாதிரித் தேவைக்கு. போடுவதற்கு முன்னால் வாட்ச்மேன் அந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணட்டும், அவர்கள் ஜன்னலைச் சாத்தி அவரை மறுபக்க அறைக்குக் கூட்டிப்போக அவகாசம் கிடைக்கும். மூச்சு முட்டும்போது பதற்றத்தில் ஆக்சிஜனை இஷ்டத்துக்குக் கூட்டவேண்டாம் என்றும் அவர் மகளிடம் சொல்லுங்கள். இந்த நோயில் அளவுக்கு மீறின ஆக்சிஜன் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கூட்டிவிடும், பொதுவாக 88இல் இருந்து 92 சதவீதம் போதும், அவருக்கென்று அவருடைய டாக்டர் எழுதிக்கொடுத்த அளவே கடைசி வார்த்தை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. கரன்ட் போனால் அவருடைய ஆக்சிஜன் மெஷினும் நின்றுவிடுமே. அதை இப்போது உயிரோடு வைத்திருப்பது எது, அதே ஜெனரேட்டரா? அப்படியென்றால் போட்டாலும் திணறல், போடாவிட்டாலும் திணறல் என்ற இடத்தில் அவர் இருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்கிறார்களோ என்னவோ. ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு நல்ல சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் ஓடும், கூடவே ஒரு சிலிண்டர் அவசரத்துக்கு இருக்கட்டும். அவர்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள். இல்லையென்றால் இதற்குப் பொதுக்குழு கூடும்வரை காத்திருக்காதீர்கள், பராமரிப்பு நிதியில் அவசரச் செலவாக எழுதி வாங்கிக்கொடுங்கள். பில் வைத்திருந்தால் ஆடிட் ஆட்சேபம் வராது, அது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.